அவசர வெளியேற்றத்தின்போது கைப்பொதிகளை எடுத்துச் செல்லல்

அவசர வெளியேற்றத்தின்போது கைப்பொதிகளை எடுத்துச் செல்லல் என்பது, தீ, புகை, மோதல் போன்ற ஆபத்தான நிலைகளில் வானூர்தியைவிட்டு உடனடியாக வெளியேற வேண்டிய பயணிகள், பணிக்குழுவினரின் கட்டளையையும் மீறித் தமது பைகளையும் பெட்டிகளையும் உடன் எடுத்துக்கொண்டு வெளியேறும் செயலைக் குறிக்கும். இது வானூர்திப் பாதுகாப்புத் துறையில் நீண்டகாலமாகப் பேசப்பட்டுவரும் சிக்கல்களுள் ஒன்றாகும். 2016 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் 521 ஆம் எண் வானூர்தி விபத்துக்குள்ளானபோது, புகை சூழ்ந்த உட்பகுதியில் பயணிகள் பைகளைத் தேடி எடுக்கும் நிகழ்படம் வெளியானதைத் தொடர்ந்து, இச்சிக்கல் தென்னிந்தியாவில் பரவலாக அறியப்பட்டது.

கைப்பொதி

பயணிகள் தம்முடன் வானூர்தியின் உள்ளே எடுத்துச் செல்லும் பை அல்லது சிறு பெட்டி கைப்பொதி எனப்படும். இது இருக்கைக்கு மேலுள்ள பொதிப்பெட்டியிலோ முன்னிருக்கையின் அடியிலோ வைக்கப்படுகிறது. இந்திய வானூர்தி நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் பொதுவாக 7 கிலோகிராம் எடை கொண்ட ஒரு கைப்பொதியை அனுமதிக்கின்றன. அதன் அளவு பெரும்பாலும் 55 × 35 × 25 செ.மீ. என வரையறுக்கப்படுகிறது. கடவுச்சீட்டு, பணம், நகை, மருந்து, மடிக்கணினி, சான்றிதழ்கள் போன்ற விலைமதிப்புள்ள பொருட்களைப் பயணிகள் கைப்பொதியிலேயே வைத்திருப்பது வழக்கம். வானூர்தி நிறுவனங்களும் அவ்வாறே அறிவுறுத்துகின்றன. இதனால் மிகவும் தேவையான பொருட்கள் அனைத்தும், ஆபத்துக் காலத்தில் விட்டுச்செல்ல வேண்டிய அதே பையில் சேர்ந்துவிடுகின்றன.

90 நொடி விதி

44 பேருக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் வானூர்தி ஒன்று சான்றிதழ் பெறவேண்டுமாயின், அதிலுள்ள அனைவரும் 90 நொடிகளுக்குள் வெளியேற முடியும் என்பதை அதன் தயாரிப்பாளர் மெய்ப்பித்தல் வேண்டும். அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டு 120 நொடிகளாக இருந்த இவ்வரம்பு, 1967 இல் 90 நொடிகளாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய விதிகளும் இதனையே பின்பற்றுகின்றன.

இச்சோதனை இருளில் நடத்தப்படுகிறது. வாயில்களில் பாதி மட்டுமே திறக்கப்படும். எவை திறக்கும் என்பது பயணிகளாக அமர்ந்திருப்போருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படுவதில்லை. நடைவழியில் பைகளும் போர்வைகளும் தலையணைகளும் ஆங்காங்கே சிதறவிடப்படும். 2006 மார்ச் 26 அன்று செருமனியின் ஆம்பர்க் நகரில் நடைபெற்ற ஏர்பஸ் ஏ380 வானூர்தியின் சோதனையில், 853 பயணிகளும் 20 பணியாளர்களும் 16 வாயில்களில் எட்டின் வழியாக 78 நொடிகளில் வெளியேறினர்.

இவ்வகைச் சோதனைகளில் பைகள் தரையில் கிடக்கும் தடைகளாக மட்டுமே கருதப்படுகின்றன. பயணிகள் எழுந்து நின்று பொதிப்பெட்டியைத் திறந்து பையை எடுப்பதும், அதனைச் சுமந்துகொண்டு ஓடுவதும் சோதனையில் இடம்பெறுவதில்லை. ஆகவே 90 நொடி என்னும் அளவு, எவரும் தமது பையை எடுக்கமாட்டார் என்ற எடுகோளின்மீது அமைந்ததாகும்.

90 நொடிக்குக் காரணம் தீயின் இயல்பு ஆகும். வானூர்திக்கு வெளியே எரியும் எரிபொருள், உடலின் அலுமினியத் தகட்டை ஓரிரு நிமிடங்களில் ஊடுருவக்கூடும். உட்புகுந்த தீ இருக்கைகளையும் உட்சுவர்ப் பொருட்களையும் பற்றும்போது நச்சுப்புகை வெளிப்படுகிறது. 1985 ஆகத்து 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் வானூர்தி நிலைய ஓடுபாதையில் தீப்பற்றிய போயிங் 737 வானூர்தியில் 55 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இறந்தது தீக்காயத்தால் அன்று, புகையினாலேயே ஆகும்.

இடையூறு ஏற்படும் விதம்

நடைவழி: பெரிய பயணிகள் வானூர்திகளில் இருக்கைகளுக்கு இடையேயுள்ள நடைவழியின் குறைந்தபட்ச அகலம், இடுப்புக்குக் கீழே ஏறத்தாழ 38 செ.மீ., அதற்கு மேலே ஏறத்தாழ 51 செ.மீ. என விதிகள் வரையறுக்கின்றன. ஒருவர் பின் ஒருவராகவே இதில் செல்ல இயலும். ஒருவர் நின்று பொதிப்பெட்டியைத் திறந்தால் அவருக்குப் பின்னால் இருப்போர் அனைவரும் நிற்க நேர்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரே நடைவழியில் 20 பேர் ஒருவர்பின் ஒருவராகத் தலா 5 நொடி நின்று பை எடுத்தால், வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு ஏற்படும் தாமதம் 100 நொடி ஆகும். அதாவது, முழு வானூர்தியும் காலியாக வேண்டிய நேரத்தைவிட இத்தாமதமே அதிகம். ஐந்து நொடியை இழப்பவர் பையை எடுத்தவர். எஞ்சிய நொடிகளை இழப்போர் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள்.

வாயில்: கையில் பையுடன் வருபவர் வாயிலில் தயங்குகிறார். பணியாளர் பையைப் பறித்து எறிய முயன்றால் அங்கே இழுபறி உண்டாகிறது. பறித்த பைகளை வைப்பதற்கு வாயிலருகே இடமும் இல்லை. அவை குவிந்தால் வாயிலே அடைபடும்.

சறுக்கு: வாயிலில் பொருத்தப்பட்டுள்ள காற்றடைத்த அவசரச் சறுக்கு, அழுத்தப்பட்ட வளிக்கலத்தின் உதவியால் சில நொடிகளில் விரிகிறது. சறுக்கின் ஒவ்வொரு தடத்திலும் நிமிடத்துக்கு 70 பேர் இறங்க முடியவேண்டும் என்பது தர அளவு. பயணி வாயிலில் உட்காராமல் நேராகச் சறுக்கில் குதித்தால்தான் இவ்வேகம் கிட்டும். பையை அணைத்தவாறு குதிப்பவர் கைகளால் உடலைச் சமன்செய்ய இயலாது. பெட்டியின் சக்கரமோ உலோக விளிம்போ சறுக்கைக் கிழிக்கக்கூடும். போயிங் 777 போன்ற பெரிய வானூர்திகளின் வாயில் தரையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழிந்த சறுக்கு பயனற்றது என்பதால் அந்த வாயிலும் பயனற்றதாகிவிடும். சறுக்கின் அடியில் நிற்போர்மீது பெட்டி விழுந்து காயம் ஏற்படுத்துவதும் உண்டு.

எமிரேட்ஸ் 521

2016 ஆகத்து 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட போயிங் 777-300 வகை வானூர்தியில் 282 பயணிகளும் 18 பணியாளர்களும் இருந்தனர். பயணிகளில் 226 பேர் இந்தியர்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரும் அவர்தம் குடும்பத்தினரும் மிகுதியாகப் பயன்படுத்தும் வழித்தடம் இதுவாகும். கேரளத்தவர் மட்டுமன்றிக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்களும் திருவனந்தபுரம் நிலையத்தைப் பயன்படுத்துகின்றனர்.

நண்பகல் 12.37 மணியளவில் துபாயில் தரையிறங்கும்போது காற்றின் திசையும் வேகமும் மாறின. வானூர்தி ஓடுபாதையில் வழக்கத்தைவிடத் தொலைவில் தரைதொட்டது. எனவே வலவர்கள் மீண்டும் மேலெழ முடிவுசெய்தனர். சக்கரங்கள் தரையைத் தொட்டபின், உந்துவிசையைத் தானாகக் கூட்டும் பொத்தான் இயங்காதவாறு அவ்வானூர்தி வடிவமைக்கப்பட்டிருந்தது. உந்துவிசை கூடவில்லை என்பதை வலவர்கள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. சிறிதளவே மேலெழுந்த வானூர்தி, சக்கரங்கள் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் ஓடுபாதையில் விழுந்து, வயிற்றுப்பகுதியால் தேய்த்துக்கொண்டு ஏறத்தாழ 800 மீட்டர் சென்று நின்றது. வலப்புறப் பொறி கழன்றது. தீப்பற்றியது.

அவ்வானூர்தியில் பத்து வாயில்கள் இருந்தன. ஆயினும் காற்றினால் சில சறுக்குகள் தூக்கப்பட்டமையாலும், சில வாயில்களின் அருகே புகை சூழ்ந்தமையாலும் எல்லா வாயில்களையும் தொடர்ந்து பயன்படுத்த இயலவில்லை. பைகளை விட்டுவிட்டு வெளியேறுமாறு பணியாளர்கள் கூவியும், பயணிகள் பலர் பொதிப்பெட்டிகளைத் திறந்து பைகளை எடுத்தனர். பயணி ஒருவர் பதிவுசெய்த நிகழ்படத்தில், மடிக்கணினியை எடுக்கச் சொல்லும் குரலும், சறுக்கில் குதிக்குமாறு பணியாளர் கத்தும் குரலும் ஒருசேரக் கேட்கின்றன.

பயணிகள் அனைவரும் ஏறத்தாழ ஏழு நிமிடங்களுக்குள் வெளியேறினர். அப்போதும் தலைமை வலவரும் மூத்த பணியாளர் ஒருவரும் உள்ளே எவரேனும் உள்ளனரா எனத் தேடிக்கொண்டிருந்தனர். விபத்து நிகழ்ந்து பத்து நிமிடங்களாகும் முன்னரே நடு எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் அதில் உயிரிழந்தார். வெடிப்பிற்குப் பின்னரே அவ்விருவரும் வெளியேறினர். வானூர்தியில் இருந்த 300 பேரும் உயிர்பிழைத்தனர். வானூர்தி முற்றிலும் எரிந்தழிந்தது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் பொதுப் பறப்பு ஆணையம் தனது இறுதி அறிக்கையை 2020 ஆம் ஆண்டு வெளியிட்டது. பயணிகள் வெளியேறி முடித்த நேரத்துக்கும் வெடிப்புக்கும் இடையே இருந்த இடைவெளி சில நிமிடங்களே ஆகும். அந்த இடைவெளி இன்னும் குறைந்திருப்பின் இழப்பு ஒருவரோடு நின்றிராது.

பிற நிகழ்வுகள்

ஏர் பிரான்சு 358 (2005): 2005 ஆகத்து 2 அன்று கனடாவின் டொராண்டோவில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் பாய்ந்த ஏர்பஸ் ஏ340 தீக்கிரையானது. அதிலிருந்த 309 பேரும் உயிர் தப்பினர். கட்டளையை மீறிப் பலர் கைப்பொதிகளுடன் வெளியேறியமை விசாரணையில் பதிவாயிற்று. டொராண்டோ ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நகரம் ஆதலால் இவ்விபத்து தமிழ் ஊடகங்களிலும் கவனம் பெற்றது.

பிரித்தானிய ஏர்வேஸ் 2276 (2015): 2015 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் புறப்படும் வேளையில் போயிங் 777 ஒன்றின் பொறி தீப்பற்றியது. 170 பேரும் வெளியேறினர். அவர்களுள் சிலர் பெட்டிகளை இழுத்துச்செல்லும் படங்கள் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 (2016): 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் நிகழ்ந்தது. 170 பேர் இருந்த போயிங் 767 வானூர்தியின் பொறி புறப்படும்போது வெடித்துத் தீப்பற்றியது. இதனை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கைப்பொதிகளால் ஏற்படும் தாமதத்தை அளந்து தீர்வு காணும் ஆய்வை நடத்துமாறு 2018 இல் பரிந்துரைத்தது.

ஏரோபுளொட் 1492 (2019): 2019 மே 5 அன்று மாஸ்கோவில் தரையிறங்கும்போது தீப்பற்றிய சுகோய் சூப்பர்ஜெட் வானூர்தியில் இருந்த 78 பேரில் 41 பேர் இறந்தனர். பின்பகுதியைத் தீ சூழ்ந்தமையால் முன்வாயில்கள் இரண்டின் வழியாக மட்டுமே வெளியேற முடிந்தது. சிலர் பைகளுடன் நடந்துசெல்லும் காட்சிகள் வெளிவந்து கடும் விவாதத்தை எழுப்பின. எனினும் தீ மிக விரைவாகப் பின்பகுதியினுள் பரவியமையால், உயிரிழப்புகளுக்குப் பைகளை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 (2024): 2024 சனவரி 2 அன்று டோக்கியோவின் அனேதா நிலையத்தில் தரையிறங்கிய ஏர்பஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை வானூர்தியுடன் மோதித் தீப்பற்றியது. காவற்படை வானூர்தியில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பயணிகள் வானூர்தியில் இருந்த 379 பேரும் தப்பினர். எட்டு வாயில்களில் மூன்று மட்டுமே பயன்பட்டன. உள் அறிவிப்புக் கருவியும் செயலிழந்தமையால் பணியாளர்கள் கையொலிபெருக்கியையும் தமது குரலையுமே நம்ப வேண்டியிருந்தது. பயணிகள் கைப்பொதிகளை விட்டுவிட்டு வெளியேறியமை, அனைவரும் பிழைத்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பயணிகள் இவ்வாறு நடந்துகொள்வதற்கான காரணங்கள்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1997 முதல் 1999 வரை நிகழ்ந்த 46 வெளியேற்றங்களை ஆராய்ந்து, 2000 ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. விசாரிக்கப்பட்ட பயணிகளுள் ஏறத்தாழ பாதிப்பேர் வெளியேறும்போது பையை எடுக்க முயன்றதாகத் தெரிவித்தனர். பணம், பணப்பை, கடனட்டை ஆகியனவே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டன. அலுவற்பொருட்கள், சாவிகள், மருந்துகள் ஆகியன அடுத்து வந்தன. பேராசையைவிட, அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாதவற்றை இழக்கும் அச்சமே இதில் மேலோங்கியிருப்பது தெளிவு.

பழக்கம் மற்றொரு காரணம் ஆகும். வண்டி நின்றதும் எழுந்து பையை எடுப்பது ஒவ்வொரு பயணத்திலும் செய்யப்படும் செயல். அதிர்ச்சியில் சிந்தனை மங்கும்போது, பழகிய செயலையே உடல் செய்கிறது. தமிழகத்தின் உள்மாவட்டங்களிலிருந்து செல்வோருக்கு இப்பழக்கம் தொடர்வண்டியிலும் பேருந்திலும் உருவானதாகும். ஐந்து திசைகளிலிருந்து வரும் இருப்புப்பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பிலோ, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலுள்ள திண்டிவனம் பேருந்து நிறுத்தத்திலோ இறங்குபவர், வண்டி புறப்பட்டுவிடுமே என்ற பதற்றத்தில் மூட்டை முடிச்சுகளை எண்ணிப் பார்த்த பின்னரே இறங்குவார். அங்கே பையை மறப்பதுதான் இழப்பு. எரியும் வானூர்தியில் பையை நினைப்பதே இழப்பு. சென்னை மீனம்பாக்கம் நிலையத்திலிருந்து முதன்முறையாக வெளிநாடு செல்லும் ஒருவருக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது, புறப்படுமுன் சில நிமிடங்களில் நிகழும் பாதுகாப்பு விளக்கம் ஒன்றே ஆகும்.

கடவுச்சீட்டு குறித்த அச்சமும் உண்டு. வேலைக்காக வளைகுடாவுக்குச் செல்பவருக்கு அதுவும் வேலை ஒப்பந்தமுமே வாழ்வாதாரம். உண்மையில் வெளிநாட்டில் கடவுச்சீட்டை இழந்த இந்தியர், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ புதிய கடவுச்சீட்டு கோரலாம். உடனே தாயகம் திரும்ப வேண்டின் அவசரச் சான்றிதழ் பெறலாம். பன்னாட்டுப் பயணங்களில் பொதிகளின் இழப்புக்கு 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் ஒரு வரம்புக்கு உட்பட்டு இழப்பீடு கோரவும் வழியுண்டு. இந்தியா இவ்வுடன்படிக்கையில் 2009 இல் இணைந்தது. எமிரேட்ஸ் 521 பயணிகளுக்குத் தலா 7,000 அமெரிக்க டாலர் வழங்கப்படும் எனவும், அதில் 2,000 டாலர் பொதிகளின் இழப்புக்குரியது எனவும் அப்போது செய்திகள் வெளியாயின.

முன்வைக்கப்படும் தீர்வுகள்

பொதிப்பெட்டிகளைப் பூட்டுதல்: தரையிறங்கும்போதும் புறப்படும்போதும் பொதிப்பெட்டிகளை வலவர் அறையிலிருந்தே பூட்டும் முறை முன்மொழியப்பட்டுள்ளது. பூட்டியிருப்பதை அறியாத பயணி, திறக்கப் போராடி மேலும் தாமதப்படுத்தக்கூடும் என்பது இதற்கு எதிரான வாதம் ஆகும். பெட்டியினுள் மின்கலம் ஒன்று தீப்பற்றினால் பூட்டே இடையூறாகும் என்பதும் சுட்டப்படுகிறது.

தண்டனை: பணிக்குழுவின் பாதுகாப்புக் கட்டளைக்கு இணங்க மறுப்பது பல நாடுகளில் குற்றமாகும். எனினும் விபத்திலிருந்து தப்பிய ஒருவரைப் பை எடுத்ததற்காகத் தண்டிப்பது நடைமுறையில் அரிது.

விளக்கம்: பாதுகாப்பு விளக்கங்களிலும் அட்டைகளிலும் 'பைகளை விட்டுச்செல்க' என்பதைப் படத்துடன் தெளிவாகக் காட்டும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. எடுத்துச் சென்றால் பிறருக்கு என்ன நேரும் என்ற காரணத்தையும் கூறினால் பயன் மிகும் என்பது ஒரு கருத்து. கட்டளை பயணியின் மொழியில் இருப்பதும் முதன்மையானது.

சோதனை முறையை மாற்றுதல்: 90 நொடிச் சோதனையில் கைப்பொதிகளையும், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரையும் உரிய முறையில் கருத்திற் கொள்ளவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் நிறைவேறிய நடுவண் பறப்பு நிருவாகச் சட்டம், வெளியேற்றத் தர அளவுகளை இவ்வகையில் மறுஆய்வு செய்யப் பணித்தது.

பயணிகளுக்கான பரிந்துரைகள்

வானூர்திப் பாதுகாப்பு வல்லுநர்கள் பொதுவாகப் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கின்றனர்:

- புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் கடவுச்சீட்டு, பணப்பை, கைப்பேசி, இன்றியமையாத மருந்து ஆகியவற்றைச் சட்டைப்பையிலோ இடுப்புப்பையிலோ வைத்திருத்தல். இவை உடலோடு இருந்தால் பொதிப்பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை எழாது.
- முக்கிய ஆவணங்களின் படிகளை வீட்டிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வைத்தல்.
- இருக்கையில் அமர்ந்தவுடன், முன்னும் பின்னுமுள்ள வாயில்கள் எத்தனை வரிசைக்கு அப்பால் உள்ளன என எண்ணிக்கொள்ளல். புகையில் கண் தெரியாதபோது கையால் இருக்கைகளைத் தொட்டு எண்ணிச் செல்ல இது உதவும்.
- வானூர்தி தரையிலிருந்து எழுந்து உயரும் வரையிலும், தரையிறங்கி நிற்கும் வரையிலும் காலணிகளைக் கழற்றாதிருத்தல். குதிகால் உயர்ந்த காலணிகளைச் சறுக்கில் இறங்குமுன் கழற்றுதல்.
- வெளியேறும் கட்டளை வந்ததும் குழந்தைகளைத் தவிர வேறெதனையும் எடுக்காதிருத்தல். சறுக்கில் இறங்கியபின் வானூர்தியைவிட்டு விலகிச் செல்லல். படம்பிடிக்க நிற்காதிருத்தல்.

இவற்றையும் பார்க்க

- அவசரச் சறுக்கு
- வானூர்தி விபத்து விசாரணை
- மொன்றியல் உடன்படிக்கை
- சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்